அரைத்தாள்

முழுத்தாள்கூட இல்லை.
இலக்கியா நான்காக மடித்துக் கொண்டுவந்த
ஜெராக்ஸ் அரைத்தாள்.
'என் மகன்/மகளுக்குத் தடுப்பூசி செலுத்த
முழு மனதுடன் சம்மதிக்கிறேன்.'
தேவையில்லாததை அடிக்கச் சொல்லியிருந்தார்கள்.
மகனை அடித்துவிட்டேன்.
'முழு மனதுடன்' என்ற இடத்தில்
பேனா நின்றுவிட்டது.

சிப்காட்டில் பன்னிரண்டு வருஷம்.
கேட்டில் நுழைய ஒரு ரிஜிஸ்தர்,
டேங்குக்குள் இறங்க ஒரு பாரம்,
மாஸ்க் தந்ததாக ஒன்று,
தராத நாளிலும் தந்ததாக ஒன்று.
எதையும் படித்துக் கையெழுத்துப் போட்டதில்லை.
எனக்கான ரெண்டு ஊசியும் அப்படித்தான்.
போட்டால்தான் கேட் பாஸ் என்றார்கள்,
சட்டைக் கையைச் சுருட்டினேன்.

எங்கள் குடிகாட்டில்
ராத்திரி பதினொன்றுக்கு மேல்
அழுகின முட்டைகோஸ் வாடை வரும்.
எந்த யூனிட் என்று மூக்காலேயே சொல்வேன்.
ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்குவோம்,
இலக்கியா தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து.
அந்த வாடைக்கு எவனும்
என்னிடம் சம்மதம் கேட்டதில்லை.

கேட்டதும்தான் பயம் வந்தது.

துபாயிலிருந்து பெரியப்பா மகன் ஆடியோ போட்டான்:
'பொம்பளப் புள்ள, யோசிச்சுக்கண்ணே.
நாளைக்குக் கட்டிக் குடுக்கற எடத்துல...'
முடிக்காமல் விட்டிருந்தான்.
அவன் விட்ட இடத்தில்
மூன்று ராத்திரி புரண்டு படுத்தேன்.

மங்கை எதுவும் பேசவில்லை.
போன மே மாசம் அவள் தம்பி சேதுவை
பெரியாஸ்பத்திரி வாசலில்
ஆம்புலன்சிலேயே ஆறு மணிநேரம் வைத்திருந்தோம்.
முகம் காட்டாமல்
ஜிப் இழுத்துக் கொடுத்தார்கள்.
இப்போதும் ஸ்கூல்பேக் ஜிப் சத்தத்துக்கு
அடுப்படியில் அவள் கை ஒரு நொடி நிற்கும்.

தாளை எடுத்து மிக்ஸி மேல் வைத்தாள்.
நான் எடுத்து டிவி மேல் வைத்தேன்.
காலையில் மறுபடி மிக்ஸி மேல் இருந்தது.
எங்கள் சண்டை அவ்வளவுதான்.

இவள் பிறந்த மறுநாள்
எந்தத் தாளும் இல்லை.
'புள்ளய நல்லா புடிங்க' என்றாள் நர்ஸ்.
பிடித்துக்கொண்டேன்.
வீல் என்று ஒரு சத்தம், அப்புறம் பால்.
அந்தத் தழும்பு இப்போது
துவரம்பருப்பு அளவு.
அன்றைக்கும் என் பையில் போன் இருந்தது,
டார்ச் வைத்த சின்ன போன்.
அதில் யாரும் எதுவும் அனுப்ப மாட்டார்கள்.

வியாழக்கிழமை நைட் ஷிப்ட் முடிந்து வந்தேன்.
ஒற்றைக் கையால் பின்னல் போட முடியாமல்
கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தாள்.
'கைக்கு என்னா?'
'ஊசி போட்ட கைப்பா.'
'யாரு கையெழுத்துப் போட்டது?'
சீப்பைப் பல்லில் கடித்தபடியே சொன்னாள்:
'நீதான்.'

ஏழாம் வகுப்பிலிருந்தே நான்தானாம்.
ரேங்க் கார்டில் நான்,
பிச்சாவரம் டூருக்கு நான்,
வயிற்றுவலி லீவுக்கு நான்.
நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுக் காட்டினாள்:
கு. ஞானவேல்.
அடியில் ஒரு கோடு, கோட்டுக்கடியில் ரெண்டு புள்ளி.
ஞாவின் சுழி
என்னுடையதைவிட எடுப்பாக இருந்தது.

திட்டத்தான் வாயெடுத்தேன்.
உள்ளே மங்கை மிக்ஸியை ஓடவிட்டாள்.
ஜாரில் ஒன்றும் இல்லை,
சத்தத்திலேயே தெரிந்தது.

சாயங்காலம் காய்ச்சல் நூற்றொன்று.
மாத்திரை வாங்கப் போனேன்.
மணிக்கொரு தரம் தொட்டுப் பார்த்தேன்.
அன்றைக்கும் வாடை வந்தது,
ஜன்னலைச் சாத்தினேன்.
மூன்று மணிக்கு வேர்த்துவிட்டது அவளுக்கு.

இருபத்தெட்டாம் நாள்
இன்னொரு அரைத்தாள் வந்தது.
இந்த முறை டிவி மேலும் போகவில்லை, மிக்ஸி மேலும் போகவில்லை.
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
ஒரு வரி விடாமல் படித்து,
முழு மனதா என்று கேட்டால் தெரியாது,
இருந்த மனதோடு
நானே போட்டேன்.

மறுநாள் தாள் திரும்பி வந்தது,
ஓரத்தில் டீச்சரின் சிவப்பு மை:
'தந்தை கையெழுத்து பொருந்தவில்லை.'

பேனாவை
இலக்கியாவிடம் கொடுத்தேன்.